கடவுச்சொல் மேலாளரில் தொலைந்த குறிப்புகளை மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளரில் ஒரு கடவுச்சொல் தொலைந்துபோனால் பெரிய இழப்பில்லை. உரிய தளத்துக்குப் போய் 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்திப் புதியதை அமைத்துக்கொள்ளலாம். குறிப்புகளுக்கு அந்த வசதி கிடையாது. இருபடிச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள், கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்கள், மென்பொருள் உரிம எண்கள், பாதுகாப்புக் கேள்விகளுக்கு வேண்டுமென்றே கொடுத்த பொய்ப் பதில்கள் என, வேறெங்கும் எழுதி வைக்காதவற்றைத்தான் அங்கே போட்டு வைக்கிறோம். இவற்றையெல்லாம் அடக்கிய பெட்டகம் நம் கருவியிலேயே குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, சேவையகத்துக்குப் போவதால், செயலியை நடத்தும் நிறுவனத்தாரைக் கேட்டாலும் உள்ளே என்ன இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது.

தொலைந்த குறிப்பு மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். அது கண்ணில் படாமல் வேறோர் இடத்தில் இருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதன் மேல் வேறு எழுத்து எழுதப்பட்டிருக்கலாம். பெரும்பாலானோர் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கே இல்லையென்றால் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் குப்பைத்தொட்டி இரண்டாவது நிலைக்கு மட்டுமே உதவும். மேலெழுதப்பட்ட குறிப்பு ஒருபோதும் குப்பைக்குப் போவதில்லை. அதைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. எந்த நிலையாக இருந்தாலும், தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மீட்பில் பாதி வெற்றி அதில்தான் அடங்கியிருக்கிறது.

படி 1: தேடும் முன் ஒத்திசைவை நிறுத்துங்கள்

கடவுச்சொல் மேலாளர் செயலி, பெட்டகத்தின் குறியாக்கம் செய்யப்பட்ட பிரதி ஒன்றை ஒவ்வொரு கருவியிலும் வைத்திருக்கிறது. செயலியைத் திறந்ததும் அது சேவையகத்தோடு பேசி, அங்கே என்ன மாறியிருக்கிறதோ அதைத் தன் பிரதியிலும் மாற்றிக்கொள்கிறது. கைப்பேசியில் நீங்கள் தவறுதலாக அழித்த குறிப்பு, மூன்று நாட்களாக மூடிக் கிடக்கும் மடிக்கணினியில் இன்னும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த மடிக்கணினி இணையத்தில் சேர்ந்து செயலியும் திறந்துவிட்டால், சில விநாடிகளில் அங்கிருந்தும் அது போய்விடும். ஆகவே, குறிப்பைக் காணோம் என்று தெரிந்ததும் எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. இயல்பாக எல்லோரும் செய்வதும் அதுதான்.

முதலில், உங்களிடம் உள்ள எல்லாக் கருவிகளையும் நினைவுபடுத்திப் பட்டியலிடுங்கள்: பழைய கைப்பேசி, டேப்லெட், அலுவலகக் கணினி, இன்னொரு உலாவியில் என்றோ நிறுவிய நீட்டிப்பு என எதையும் விட வேண்டாம். இவற்றில் நீண்ட நாள் திறக்கப்படாதது எதுவோ அதுவே உங்களுக்கு அதிக மதிப்புள்ளது. கைப்பேசி என்றால் செயலியைத் தொடும் முன் விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபை தனியாக இயங்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். மடிக்கணினி என்றால் இயக்கியதும் தெரிந்த வைஃபையோடு தானாகவே இணைந்துவிடும் என்பதால், ரூட்டரை அணைத்துவிட்டு அல்லது அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் இயக்குங்கள். கம்பி இணைப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவக் கூடாது. 'இப்போது ஒத்திசை' என்ற பொத்தானை அழுத்தக் கூடாது. கணக்கிலிருந்து வெளியேறவும் கூடாது. இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். பூட்டுவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல. பிட்வார்டன் என்ற கடவுச்சொல் மேலாளரில் செயலி பூட்டப்பட்டிருந்தால், இணையம் இல்லாமலேயே பெட்டகத்துக்குரிய முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்துவிடலாம், கருவியிலுள்ள பிரதி பத்திரமாக இருக்கும். வெளியேறிவிட்டால் அந்தப் பிரதியே கருவியிலிருந்து அழிக்கப்படுகிறது. மறுபடி உள்நுழைய இணையம் வேண்டும், உள்நுழைந்தாலோ கிடைப்பது குறிப்பு இல்லாத புதிய பிரதிதான். திறந்ததும் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துக் கேட்கிறது என்றால் அந்தக் கருவி ஏற்கெனவே வெளியேறிய நிலையில் இருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இணையம் துண்டிக்கப்பட்ட கருவியில் குறிப்பு கிடைத்துவிட்டால், உடனே அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்வதே மேல். இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுக்கலாம் என்று தோன்றும்; அந்தப் படம் தானாகவே கிளவுடுக்குப் பதிவேறிவிடக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குறிப்பு நீளமானது என்றால், அதே கருவியில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் ஒட்டிச் சேமித்துவிட்டு, அதைப் பின்னர் அழிக்க வேண்டும் என்பதையும் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

கணினிச் செயலியாக இருந்தால் கூடுதலாக ஒரு பாதுகாப்பு செய்துகொள்ளலாம். செயலியைத் திறக்கும் முன்பே அதன் தரவுக் கோப்புறையை அப்படியே ஒரு யுஎஸ்பி டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸில் பிட்வார்டனின் கணினிச் செயலி, பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் தன் பெயரிலேயே ஒரு கோப்புறையில் தரவை வைத்திருக்கிறது; மேக்கில் அது லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற இடத்தில் இருக்கும். உள்ளே இருப்பது குறியாக்கம் செய்யப்பட்டதே என்பதால் நகலெடுப்பதில் பெரிய ஆபத்தில்லை. பிறகு ஏதாவது தவறினாலும் மீண்டும் முயன்று பார்க்க ஒரு மூலப்பிரதி மிஞ்சும்.

படி 2: உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று பாருங்கள்

இனி, குறிப்பு கண்ணில் படாமல் மட்டும் இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் சந்தேகம் கணக்கின் மீதுதான் வர வேண்டும். இரண்டு மின்னஞ்சல்களில் இரண்டு கணக்குகள் வைத்திருப்பவர்கள் பலர். பிட்வார்டனுக்கு அமெரிக்காவில் ஒன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்றுமாகத் தனித்தனிச் சேவையகங்கள் உள்ளன. ஒன்றில் தொடங்கிய கணக்கு மற்றதில் தெரியாது. உள்நுழைவுத் திரையில் எந்தச் சேவையகம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, செயலியின் வடிகட்டிகள். தனிப்பட்ட பெட்டகத்தை மட்டும் காட்டும்படி அமைத்திருந்தால், குடும்பத்துடனோ நிறுவனத்துடனோ பகிர்ந்த குறிப்புகள் பட்டியலில் வராது. 1பாஸ்வேர்டு என்ற மற்றொரு மேலாளரில் காப்பகத்துக்கு அனுப்பிய உருப்படி வழக்கமான பட்டியலில் இருக்காது. காப்பகத்தைத் தனியே திறந்து பார்க்க வேண்டும். அதே செயலியில் டிராவல் மோட் என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால், பயணத்துக்குப் பாதுகாப்பானவை என்று குறிக்கப்படாத பெட்டகங்கள் முழுவதுமே கருவிகளிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். ஊர் திரும்பிய பிறகு அதை நிறுத்த மறந்தவருக்கு, பாதித் தரவு காற்றில் கரைந்ததுபோல் தோன்றும். இணையதளத்தில் உள்நுழைந்து அதை நிறுத்தினால் எல்லாம் திரும்பிவிடும்.

கோப்புறையை நீக்கியதால் குறிப்புகளும் போய்விட்டன என்று அஞ்சுபவர்களும் உண்டு. பிட்வார்டனில் கோப்புறை வெறும் அடையாளச் சீட்டுதான். அதை நீக்கினாலும் உள்ளிருந்தவை 'கோப்புறை இல்லை' என்ற பகுதிக்கு வந்துவிடும். பெட்டகத்தை ஒரே கோப்பாக வைத்திருக்கும் கீபாஸ் என்ற செயலியில் அப்படியல்ல; ஒரு குழுவை நீக்கினால் அதற்குள் இருந்த பதிவுகளும் சேர்ந்தே போகும்.

தேடல் பெட்டியை முழுதாக நம்பிவிட வேண்டாம். பல செயலிகளில் சாதாரணத் தேடல் தலைப்பு, பயனர்பெயர், இணைய முகவரி ஆகியவற்றை மட்டுமே பார்க்கும். குறிப்பின் உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்காது. பிட்வார்டனின் கணினிச் செயலியிலும் இணையப் பெட்டகத்திலும் தேடல் சொல்லுக்கு முன் > என்ற குறியை இட்டால் குறிப்புகளுக்குள்ளும் தேடும். கீபாஸின் தேடல் சாளரத்தில் குறிப்புகள் என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமான வழி, உருப்படிகளைக் கடைசியாக மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தி, சந்தேகத்துக்குரிய நாளை ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது. தனிக் குறிப்பாக எழுதியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது, ஏதோ ஒரு தளத்தின் உள்நுழைவுப் பதிவின் அடியில், குறிப்புப் பெட்டியில் கிடப்பது மிகச் சாதாரணம்.

குறிப்பு இருக்கிறது, ஆனால் அதன் இடத்தில் 'குறியாக்கத்தை நீக்க முடியவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை காட்டுகிறது என்றால், அது நீக்கப்பட்டதல்ல. கணக்கின் குறியாக்கச் சாவியை மாற்றும்போது, பழைய சாவியோடு இன்னொரு கருவி உள்நுழைந்த நிலையிலேயே இருந்து அங்கிருந்து ஏதாவது சேமிக்கப்பட்டிருந்தால் இப்படி ஆகலாம். அந்த உருப்படியை நீக்காமல் விட்டுவைத்து, மற்ற கருவிகளில் இணையமின்றித் திறந்து பாருங்கள்.

படி 3: குப்பைத்தொட்டி

இந்தப் படி எளிது. பிட்வார்டன், லாஸ்ட்பாஸ், ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் செயலி ஆகிய மூன்றும் நீக்கப்பட்டதை 30 நாட்கள் வைத்திருக்கும். இந்த நாட்கணக்கு, நீக்கிய நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் கவனித்த நாளிலிருந்து அல்ல. லாஸ்ட்பாஸில் நீக்கப்பட்டவற்றைப் பார்க்கும் வழி மேம்பட்ட விருப்பங்களுக்குள் சற்று மறைந்திருக்கும். கீபாஸில் மறுசுழற்சித் தொட்டி என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே, அதாவது பெட்டகக் கோப்புக்குள்ளேயே, இருக்கும் ஒரு குழு. நீங்களாகக் காலிசெய்யும் வரை அதற்குக் கால வரம்பில்லை. ஆனால் தரவுத்தள அமைப்பில் அந்தத் தொட்டியையே முடக்கி வைத்திருந்தால், நீக்கியது நேரடியாக அழிந்திருக்கும்.

நிறுவனக் கணக்கில் பகிரப்பட்ட குறிப்பு என்றால் உங்கள் குப்பைத்தொட்டியில் தேடிப் பயனில்லை. நிர்வாகி தம் பக்கத்தில் பார்க்க வேண்டும். உருப்படியை விட்டுவிட்டு அதனோடு இணைத்த கோப்பை மட்டும் நீக்கியிருந்தால், அது பெரும்பாலும் குப்பைக்கு வராமலே போய்விடும்.

படி 4: மேலெழுதப்பட்ட குறிப்பு

கடினமானதும் அதிகம் நடப்பதும் இதுவே. கைப்பேசியில் ஒரு குறிப்பைத் திறந்து கடைசி வரியைச் சேர்க்கிறோம். கணினியில் அதே குறிப்பு காலையிலிருந்தே திருத்தும் நிலையில் திறந்து கிடக்கிறது. மாலையில் அங்கே ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கிறோம். பல செயலிகளில் கடைசியாகச் சேமித்ததே நிற்கும் என்பதால் கைப்பேசியில் எழுதியது போய்விடும். முழுவதையும் தேர்ந்தெடுத்திருந்ததைக் கவனிக்காமல் கிளிப்போர்டில் இருந்த வேறெதையோ ஒட்டிச் சேமிப்பது இன்னொரு வகை. வேறு செயலியிலிருந்து இறக்குமதி செய்யும்போது வரிகள் குலைந்து, பாதி மட்டும் வந்து சேர்வது மற்றொரு வகை.

தமிழில் நீளமாகக் குறிப்பெழுதுவோர் அறிய வேண்டியது ஒன்றும் உண்டு. பிட்வார்டனில் ஒரு குறிப்பின் எல்லை, குறியாக்கத்துக்குப் பின் 10,000 எழுத்துகள். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால், தமிழில் மெய்க்குறியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகிறது. ஆகவே ஆங்கிலத்தில் 7,000 எழுத்துக்கு மேல் தாங்கும் குறிப்பு, தமிழில் ஏறக்குறைய 2,400 குறிகளிலேயே நிரம்பிவிடும். எல்லை மீறினால் செயலி பிழை காட்டிச் சேமிக்க மறுக்கும். அதைக் கவனிக்காமல் சாளரத்தை மூடியவருக்கு, எழுதியது 'தொலைந்து' போகிறது. உண்மையில் அது சேமிக்கப்படவே இல்லை. எழுதிய கருவியின் கிளிப்போர்டு வரலாற்றில் மட்டுமே அதைத் தேட முடியும்.

மேலெழுதப்பட்டதை மீட்க உதவுவது பதிப்பு வரலாறு. கீபாஸிலும் கீபாஸ்எக்ஸ்சியிலும் ஒவ்வொரு பதிவுக்கும் வரலாறு என்ற தாவல் இருக்கிறது. பதிவைத் திருத்தும் சாளரத்தில் அந்தத் தாவலைத் திறந்தால், முன்பு சேமித்த பதிப்புகள் தேதி நேரத்தோடு வரிசையாக நிற்கும். குறிப்பு சரியாக இருந்த நாளுக்குரியதைத் தேர்ந்தெடுத்துப் பார்வையிடுங்கள். அங்கேயே 'மீட்டமை' என்ற பொத்தானும் இருக்கும், அதை அழுத்த வேண்டாம். அது குறிப்பை மட்டுமல்லாமல் பதிவு முழுவதையும், அதாவது அன்றைய பழைய கடவுச்சொல்லையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும். பழைய பதிப்பிலிருந்து குறிப்பை மட்டும் நகலெடுத்து, சாளரத்தை ரத்துசெய்துவிட்டு வெளியே வாருங்கள். கீபாஸ் இயல்பாகவே ஒரு பதிவுக்கு 10 பழைய பதிப்புகளை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், பதற்றத்தில் அதே பதிவை மீண்டும் மீண்டும் திருத்திச் சேமித்தால், உங்களுக்கு வேண்டிய பதிப்பு பட்டியலின் அடியிலிருந்து தள்ளப்பட்டு மறைந்துவிடும்.

1பாஸ்வேர்டில் கருவியிலுள்ள செயலியைவிட இணையதளத்தில் உள்நுழைந்து உருப்படியின் முந்தைய பதிப்புகளைப் பார்ப்பது நல்லது. பிட்வார்டன் பயன்படுத்துவோருக்கு இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. அதன் வரலாறு கடைசி 5 கடவுச்சொற்களை நினைவில் வைக்கும். குறிப்புப் பெட்டியில் எழுதியதை வைக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு: உருப்படியில் நாமாகச் சேர்க்கும் தனிப்பயன் புலங்களில் 'மறைக்கப்பட்டது' என்ற வகையின் பழைய மதிப்பும் அந்த வரலாற்றில் சேர்கிறது. மீட்புக் குறியீடுகளை அத்தகைய புலத்தில் வைத்திருந்தவர்கள் அங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு, படி 1இல் சொன்ன இணையமில்லாக் கருவியும், பின்னே வரும் பழைய ஏற்றுமதிக் கோப்பும்தான் வழி.

படி 5: கோப்பாக இருக்கும் பெட்டகத்தின் பழைய பிரதிகள்

கீபாஸ் வகைச் செயலிகளில் பெட்டகம் ஒரே கோப்பு. அதனால் அதைச் சேமித்து வைத்திருக்கும் கிளவுட் சேவையே உங்களுக்குக் காலப் பயணம் செய்து தருகிறது. டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 30 நாள் வரையிலான பழைய பதிப்புகள் கிடைக்கும். கூகுள் டிரைவ், இத்தகைய கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாட்கள் அல்லது 100 பதிப்புகள் என்ற வரம்புக்குள் வைத்திருக்கும். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கில் கடைசி 25 பதிப்புகளைப் பார்க்கலாம். மூன்றிலும் இணையதளத்தின் வழியே போய், கோப்பின் பதிப்பு வரலாற்றைத் திறக்க வேண்டும்.

பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதை மீட்டமைக்காமல், வேறொரு பெயரில் வேறொரு கோப்புறைக்குப் பதிவிறக்கம் செய்யுங்கள். மீட்டமைத்தால் அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் சேர்த்த மற்ற எல்லாமே பின்னுக்குப் போய்விடும். பதிவிறக்கிய கோப்பு, அன்று இருந்த முதன்மைக் கடவுச்சொல்லுக்குத்தான் திறக்கும். இடையில் மாற்றியிருந்தால் பழையதை நினைவுகூர வேண்டும். கடவுச்சொல்லோடு சேர்த்துக் கொடுக்கும் சாவிக் கோப்பு பயன்படுத்தியிருந்தால் அன்றைய சாவிக் கோப்பும் வேண்டும்.

இங்கே நுட்பமான கண்ணி ஒன்று இருக்கிறது. பழைய கோப்பையும் இப்போதைய கோப்பையும் கீபாஸின் ஒத்திசைவு வசதியால் இணைத்துவிட்டால் நீக்கிய பதிவு திரும்ப வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தரவுத்தளம், எந்தப் பதிவு எப்போது நீக்கப்பட்டது என்ற பட்டியலையும் தனக்குள் வைத்திருக்கிறது. பதிவை நீக்கிய நேரம் அதைக் கடைசியாகத் திருத்திய நேரத்துக்குப் பிந்தியது என்பதால், இணைக்கும்போது நீக்கமே வெல்லும். ஆகவே இரண்டையும் தனித்தனித் தாவல்களில் திறந்து, வேண்டிய குறிப்பைக் கையால் நகலெடுத்து, புதிய பதிவாக ஒட்டுவதே சரியான முறை.

பெட்டகக் கோப்பு இருக்கும் கோப்புறையையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் சேமித்தபோது டிராப்பாக்ஸ் முரண்பட்ட பிரதி என்ற பெயருடன் இரண்டாவது கோப்பை உருவாக்கியிருக்கலாம். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் பயன்படுத்துவோருக்கு ஒத்திசைவு முரண் என்ற சொல்லும் தேதியும் சேர்ந்த கோப்பு கிடைக்கலாம். தொலைந்த வரிகள் அந்தக் கோப்பில் அப்படியே இருப்பது வழக்கம். கீபாஸ்எக்ஸ்சியில் சேமிக்கும் முன் காப்புப் பிரதி எடுக்கும் அமைப்பை இயக்கியிருந்தால், பெயரில் 'ஓல்ட்' என்று சேர்ந்த கோப்பு அதே இடத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு செயலி, தரவுத்தளத்தைத் திறக்கும்போது தன்னிடம் உள்ளூர்ப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியுடையது.

கணினியின் காப்புப் பிரதிகளும் இதே வேலையைச் செய்யும். மேக்கின் டைம் மெஷின் கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்றும், கடந்த மாதத்துக்கு நாளுக்கு ஒன்றும், அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கு ஒன்றுமாகப் பிரதிகளை வைத்திருக்கிறது. விண்டோஸின் கோப்பு வரலாறு, இயக்கியிருந்தால், இயல்பாக மணிக்கு ஒருமுறை எடுக்கும். அழிந்த கோப்பை வட்டிலிருந்து தோண்டி எடுக்கும் மென்பொருட்களை நம்பி நேரத்தைச் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில் நீக்கிய கோப்பின் இடம் பின்னணியில் துடைக்கப்பட்டுவிடுவதால், அவற்றில் வெற்றி அரிது. அதோடு, கடவுச்சொற்கள் உள்ள கணினியில் முன்பின் தெரியாத மென்பொருளை நிறுவுவதும் அறிவுடைமையல்ல.

படி 6: பழைய ஏற்றுமதிகளும் பழைய கணக்குகளும்

வேறொரு கடவுச்சொல் மேலாளரிலிருந்து மாறி வந்தவரா நீங்கள்? மாறும்போது பெட்டகத்தை ஏற்றுமதி செய்து உருவாக்கிய சிஎஸ்வி அல்லது ஜேசன் வகை உரைக் கோப்பு பதிவிறக்கக் கோப்புறையில் இன்னும் கிடக்கலாம். அப்படிக் கிடப்பது பாதுகாப்புக்குக் கேடு, ஆனாலும் இப்போதைக்கு நல்வரம். அதைவிட, பழைய நிறுவனத்தின் கணக்கையே நீங்கள் மூடாமல் விட்டிருக்கலாம், உள்நுழைந்து பாருங்கள். இணைத்த கோப்புகள் இறக்குமதியில் வராமல் பழைய இடத்திலேயே தங்கிவிடுவது மிகப் பொதுவான நிகழ்வு.

சிஎஸ்வி கோப்பு கிடைத்தால் அதை எக்செலில் திறக்காதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். அதற்கு மேற்பட்டவற்றைச் சுழியமாக்கிவிடும், முன்னால் நிற்கும் சுழியங்களை நீக்கியும் விடும். தவறிப்போய்ச் சேமித்துவிட்டால், 16 இலக்க மீட்புக் குறியீட்டின் கடைசி இலக்கம் நிரந்தரமாகப் போய்விடும். நோட்பேட் போன்ற எளிய உரைத் திருத்தியில் திறந்து தேடுங்கள். பல வரிகள் கொண்ட குறிப்பு, இரட்டை மேற்கோள் குறிகளுக்கு நடுவே பல வரிகளாகவே அங்கே தெரியும்.

பிட்வார்டனின் ஏற்றுமதிக் கோப்பில் குப்பைத்தொட்டியில் இருந்தவை சேர்வதில்லை. குறியாக்கம் செய்த ஏற்றுமதியில் இரண்டு வகை உண்டு என்பதும் முக்கியம். கணக்கோடு பிணைக்கப்பட்ட வகையை அதே கணக்கில் மட்டுமே இறக்குமதி செய்யலாம், இடையில் கணக்கின் சாவியை மாற்றியிருந்தால் அதுவும் முடியாது. தனிக் கடவுச்சொல் கொடுத்துப் பூட்டிய வகைக்கு இந்தத் தடை இல்லை; இறக்குமதியைச் சோதனைக் கணக்கு ஒன்றில் செய்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பெட்டகத்திலேயே இறக்குமதி செய்தால் எல்லா உருப்படிகளும் இரண்டிரண்டாகிப் பெரும் குழப்பம் வரும்.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதில் தவறில்லை. கணக்கு எந்தச் சேவையகத்தில் இருக்கிறது, பகிர்வு உரிமை எப்போது மாறியது போன்றவற்றை அவர்களால் சொல்ல முடியும். முதன்மைக் கடவுச்சொல்லை அவர்கள் ஒருநாளும் கேட்கமாட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டகத்தைத் திறந்து தருவதாக யாராவது முன்வந்தால், அவர்கள் குறிவைப்பது உங்கள் மீதிக் கடவுச்சொற்களை.

படி 7: எங்கும் கிடைக்கவில்லை என்றால்

குறிப்பு திரும்பாது என்று உறுதியானால், அதன் எழுத்துகளைத் தேடுவதை விட்டுவிட்டு, அது எதற்காக இருந்ததோ அந்தத் தேவையை வேறு வழியில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். மீட்புக் குறியீடுகள் தொலைந்திருந்தால், அந்தக் கணக்குகளில் நீங்கள் இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கும் கருவியிலிருந்து, பாதுகாப்பு அமைப்புகளுக்குப் போய்ப் புதிய குறியீடுகளை உருவாக்குங்கள். புதியவை உருவானதும் பழையவை செல்லாதவை ஆகிவிடும் என்பதால், தொலைந்த குறியீடுகள் யார் கையிலாவது சிக்கியிருக்குமோ என்ற கவலையும் அதோடு தீர்கிறது. மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் மீட்பு எல்லாம் அதன் வழியாகவே நடக்கிறது. இது முடியும் வரை எந்தக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டாம்.

கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்கள் தொலைந்திருந்தால், வாலட் செயலி ஏதாவது கருவியில் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அதன் சொற்களைக் காகிதத்தில் எழுதிய பிறகு, இருப்பு முழுவதையும் அதற்கு மாற்றிவிடலாம். 12 அல்லது 24 சொற்களில் ஒன்று மட்டும் குறைகிறது, அதன் இடம் தெரியும் என்றால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வாலட்டுகள் பயன்படுத்தும் பட்டியலில் மொத்தமே 2,048 சொற்கள்தான். சொற்றொடருக்குள்ளேயே சரிபார்ப்புப் பகுதி ஒன்று இருப்பதால், 12 சொல் தொடரில் பொருந்தக்கூடியவை ஏறக்குறைய 128 ஆகவும், 24 சொல் தொடரில் ஏறக்குறைய 8 ஆகவும் சுருங்கிவிடும். இந்தச் சோதனையை இணையம் துண்டிக்கப்பட்ட கணினியில் மட்டுமே செய்ய வேண்டும். மீதிச் சொற்களை எந்த இணையதளத்திலும் தட்டச்சு செய்யக் கூடாது.

படி 8: கிடைத்ததைத் திரும்ப வைப்பது

குறிப்பு கையில் கிடைத்ததும், பழைய உருப்படியிலேயே ஒட்டாமல் புதிய உருப்படியாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. இணையம் உள்ள ஒரே கருவியில் அதைச் சேமித்து, உலாவியில் இணையப் பெட்டகத்தைத் திறந்து, குறிப்பு முழுவதும் வந்திருக்கிறதா என்று கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். அதன் பிறகே மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக இணையத்தில் சேருங்கள். எல்லாம் சரியாக இருப்பது தெரிந்ததும், கடவுச்சொல்லால் பூட்டிய ஏற்றுமதி ஒன்றை எடுத்து, கணினிக்கு வெளியே உள்ள டிரைவில் வையுங்கள்.

மீட்பு வேலையின்போது குறியாக்கம் இல்லாமல் ஆங்காங்கே சிதறிய பிரதிகளைத் துடைப்பது மட்டும்தான் மீதி. உரைக் கோப்பையும் சிஎஸ்வி கோப்பையும் நீக்கிக் கணினியின் மறுசுழற்சித் தொட்டியையும் காலிசெய்யுங்கள். அவை கிளவுட் கோப்புறைக்குள் இருந்திருந்தால், அங்குள்ள குப்பையிலும் நிரந்தரமாக நீக்க வேண்டும். விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு இயக்கப்பட்டிருந்தால், கடைசியாக நகலெடுத்த 25 உருப்படிகள் வரை அதில் இருக்கும். விண்டோஸ் விசையையும் வி எழுத்து விசையையும் சேர்த்து அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். விண்டோஸ் 11இல் உள்ள நோட்பேட், சேமிக்காமல் சாளரத்தை மூடினாலும் தாவலின் உள்ளடக்கத்தை அடுத்த முறை திறக்கும்போது காட்டும் என்பதால், அந்தத் தாவலையும் தனியாக மூடி, சேமிக்க வேண்டாம் என்று பதிலளியுங்கள்.